எந்த மின் நிலையம், எந்த வருடம், எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரத் திட்டமிடலுக்கான கணித மாடல்கள் கட்டுவது என் வேலை. கல்லூரியில் வகுப்பெடுக்கப் போனாலும் சரி, எங்கள் அடுக்ககத்தில் மாதக் கூட்டம் முடிந்து கீழே நின்று பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் போகின்றன.

"மாடல் மாடல்னு சொல்றீங்களே, அது என்னதான் பண்ணுது?"

அடுத்த இருபது, இருபத்தைந்து வருடங்களில் ஒவ்வொரு மணி நேரமும் மக்களுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு எந்த வகை நிலையத்தை எந்த வருடம் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டியதை எந்த நேரத்தில் எவ்வளவு ஓட்ட வேண்டும், எப்படிச் செய்தால் மொத்தச் செலவு குறையும் என்று தேடுவதுதான் மாடலின் வேலை. கட்டுவதற்குப் பல வருடங்கள் ஆகும், ஓட்டுவதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருப்பதுதான் இதன் கஷ்டம், சுவாரசியமும் அதுதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாடல் ஜோசியம் சொல்லாது. "தேவை இப்படி வளர்ந்து, நிலக்கரி விலை இப்படி இருந்து, வட்டி இவ்வளவு என்றால், மலிவான வழி இது" என்றுதான் சொல்லும். அந்த "என்றால்"களை விட்டுவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

"மெகாவாட்டுக்கும் யூனிட்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கரண்ட் தானே?"

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது. அந்தக் கணத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் வாட், கிலோவாட், மெகாவாட் எல்லாம். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் யூனிட் மட்டும்தான் தெரியும், ஆனால் மே மாதம் ஊரே ஒரே நேரத்தில் ஏசி போடும்போது அந்தக் கணத்துக்கான மெகாவாட்டும் தயாராக இருக்க வேண்டும். பில்லில் தெரியாத அந்தப் பாதிதான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போகிற விஷயம்.

ஒரு மெகாவாட் நிலையம் வருடத்தின் 8,760 மணி நேரமும் நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் வரும். அதே ஒரு மெகாவாட் சோலார் நம் ஊர் வெயிலில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 17.5 லட்சம் யூனிட் தரும். அதனால் "இத்தனை மெகாவாட் திறந்துவைத்தோம்" என்ற செய்தியைப் படித்தால், எந்த வகை மெகாவாட், எந்த நேரத்தில் வரும் மெகாவாட் என்று கேட்டுப் பழகுங்கள்.

"தமிழ்நாட்டுல காத்தாலையே பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல இருக்காமே, அப்புறம் ஏன் கோடையில வெளியிலிருந்து வாங்கறாங்க?"

காற்று எப்போது அடிக்கிறது என்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாகப் புகுந்து வருவதால்தான் நமக்கு இவ்வளவு காற்றாலை. அது மே கடைசியில் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை. ஜூலையில் நல்ல நாளில் 5,000 மெகாவாட்டைத் தாண்டி வரும். அதே காற்றாலைகள் மார்ச்சில் சில நாள் சில நூறு மெகாவாட் கொடுப்பதே பெரிது. தேவையோ ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்துக்குப் போகிறது. 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. காற்று எழும்புவதற்குச் சில வாரம் முன்னால் வெயில் உச்சத்துக்குப் போய்விடுகிறது, அந்தச் சில வார இடைவெளிதான் நம் திட்டமிடலின் தலைவலி.

அந்த இடைவெளியைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வட மாநிலங்கள் சிலவற்றிடம் கோடையில் மின்சாரம் வாங்கி, காற்று சீசனில் திருப்பிக் கொடுப்பது, 'ஸ்வாப்' என்பார்கள். பணமாகக் கொடுக்காமல் மின்சாரமாகவே திருப்புவது. அவர்களுக்கு நெல் நடவுக்குத் தண்ணீர் இறைக்கும் காலமும் நமக்குக் காற்று வீசும் காலமும் ஒத்துப்போவதால் இது நடக்கிறது. புது நிலையம் எதுவும் கட்டாமல் காலத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

"எது மலிவோ அதை மட்டும் கட்டினா போதாதா? எதுக்கு நாலு வகை?"

எது மலிவு என்பது வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை: நிலையம் ஒன்றுக்கு ஒரு கிலோவாட்டுக்கு வருடத்துக்கு நிலையான செலவு 12,000 ரூபாய், எரிபொருள் யூனிட்டுக்கு 3 ரூபாய். இன்னொன்றுக்கு நிலையான செலவு 4,000 மட்டும், எரிபொருள் 9 ரூபாய். வருடத்துக்கு 500 மணி நேரம் மட்டும் ஓட்டினால் முதலாவதுக்கு 13,500 ஆகும், இரண்டாவதுக்கு 8,500. 6,000 மணி நேரம் ஓட்டினால் 30,000-க்கு எதிராக 58,000. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 1,333 மணி நேரம்.

உங்கள் அடுக்ககத்தில் டீசல் ஜெனரேட்டர் இருந்தால் அதுவும் இரண்டாவது வகைதான். வாங்க மலிவு, ஓட்ட விலை அதிகம். யாரும் அதை வைத்து வருடம் முழுக்க லிஃப்ட் ஓட்டுவதில்லை, அதே சமயம் அது வேண்டாம் என்றும் சொல்வதில்லை. மாநிலத்துக்கும் அப்படியே: இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கும் தேவைக்கு ஒரு வகை, சில நூறு மணி நேரம் மட்டும் எட்டிப் பார்க்கும் தேவைக்கு வேறு வகை. வருடத்தின் 8,760 மணி நேரத் தேவையையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி வைத்தால் ஒரு சரிவு கிடைக்கும். அந்தச் சரிவைக் குறுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் எது மலிவு என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் பழைய, இன்னமும் பயன்படுகிற முறை.

"ஓடாத நிலையத்துக்கும் காசு கட்டறாங்களாமே, இது அநியாயம் இல்லையா?"

நீண்டகால ஒப்பந்தங்களில் கட்டணம் இரண்டு பகுதி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாராக இருப்பதற்கு நிலைக் கட்டணம், ஓடினால் எரிபொருளுக்கு ஆற்றல் கட்டணம். முந்தைய பதிலில் இருந்த 12,000-மும் 3 ரூபாயும் இந்த இரண்டும்தான். நிலையம் தயாராக இருந்து, அதைவிட மலிவான மின்சாரம் அன்றைக்குக் கிடைத்ததால் ஓட்டவில்லை என்றால் நிலைக் கட்டணம் கொடுப்பது நியாயம்தான், கடன் வாங்கித்தானே கட்டியிருக்கிறார்கள்.

அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. தேவையைக் கண்மூடித்தனமாகக் கூட்டிச் சொல்லி, வேண்டாத அளவுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டால், அந்த நிலைக் கட்டணம் பல வருடம் பில்லில் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கட்டப்போவது ஒப்பந்தம் போட்டபோது ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்.

"மாடலுக்குள்ள என்ன போடறீங்க, வெளியில என்ன வருது?"

உள்ளே போவது: மணிக்கு மணி தேவை, இருக்கும் நிலையங்களின் பட்டியல், அவற்றின் வயது, எரிபொருள் விலை, புதிதாகக் கட்ட ஆகும் செலவு, காற்றும் வெயிலும் மணிக்கு மணி எவ்வளவு, வட்டி, லைன்களின் திறன். வெளியே வருவது: வருடவாரியாக என்ன கட்டுவது, எதை மூடுவது, ஒவ்வொரு மணி நேரமும் எது எவ்வளவு ஓடுவது, மொத்தச் செலவு. நடுவில் இருப்பது பெரும்பாலும் லீனியர் புரோகிராமிங், அதாவது நேர்கோட்டுச் சூத்திரங்களாக எழுதிய கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணித முறை.

இந்த யோசனை புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸின் அரசு மின் நிறுவனத்தில் பியர் மாஸே, மார்செல் புவாத்தே என்ற இரண்டு பேர் இதற்கு அடித்தளம் போட்டார்கள். மாஸே அணைத் தண்ணீரை இன்றைக்குத் திறப்பதா நாளைக்கு வைத்திருப்பதா என்ற கணக்கிலிருந்து ஆரம்பித்தவர். புவாத்தே 1949-இல் உச்ச நேர மின்சாரத்துக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்று எழுதினார். 1950-களிலேயே முதலீட்டுத் திட்டத்துக்கு லீனியர் புரோகிராமிங்கைப் பயன்படுத்தினார்கள். பிறகு 1970-களில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் வாஸ்ப், அதைத் தொடர்ந்து மார்க்கல் என்று பல மாடல்கள் வந்தன. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் தேசிய மின் திட்டத்துக்கு இதே வகை மாடலைத்தான் ஓட்டுகிறது. 2023-இல் வந்த வழிகாட்டுதல்படி விநியோக நிறுவனங்களும் பத்து வருடத்துக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

"25 வருஷத்தோட எல்லா மணி நேரத்தையும் நிஜமாவே கணக்குப் போடுவீங்களா அக்கா?"

25 வருடம் என்றால் 2,19,000 மணி நேரம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான நிலையங்கள். இன்றைய கணினிக்கு முடியாதது இல்லை, ஆனால் நாலைந்து விதமாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் சுருக்குவோம். மாதத்துக்கு மூன்று மாதிரி நாட்கள் எடுத்தால் வருடத்துக்கு 864 மணி நேரம், அவ்வளவுதான்.

ஆனால் எந்த நாட்களை எடுக்கிறோம் என்பதில்தான் கோட்டைவிடுவார்கள். சராசரி நாளை எடுத்தால் காற்றே இல்லாத ஒரு வாரம் காணாமல் போய்விடும். சராசரியில் காற்றாலை எப்போதும் கொஞ்சம் சுற்றிக்கொண்டே இருக்கும், நிஜத்தில் நின்றேபோகும். அதனால் சராசரி நாட்களோடு மோசமான நாட்களையும் வேண்டுமென்றே சேர்க்க வேண்டும். நவம்பரில் ஊர் முழுக்க மேகம் மூடி, வெயிலும் இல்லாமல், காற்று சீசனும் முடிந்துபோன நான்கு நாட்கள் உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பார்த்தாலே அதன் தரம் பாதி தெரிந்துவிடும்.

"இருபது வருஷம் கழிச்சு வர்ற செலவை இன்னைக்கு செலவோட எப்படி ஒண்ணா கூட்டறீங்க?"

கழிவு வீதம் என்று ஒன்று வைத்து, கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போடுவது போல, எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவோம். 25 வருடம் கழித்துச் செலவாகும் 1,000 ரூபாய், 10 சதவீதத்தில் இன்றைக்கு வெறும் 92 ரூபாய். 5 சதவீதத்தில் 295 ரூபாய். ஒரே செலவுதான், வீதம் மாறியதும் மூன்று மடங்கு வித்தியாசம்.

இதில் பக்கச்சாய்வு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். சோலார், காற்றாலை, அணை, அணுமின் நிலையம் எல்லாவற்றுக்கும் செலவு முன்னால். எரிபொருள் எரிக்கும் நிலையத்துக்குச் செலவு பின்னால். வீதத்தைக் கூட்டினால் பின்னால் வருவது சின்னதாகத் தெரியும், எரிபொருள் நிலையம் ஜெயிக்கும். குறைத்தால் முன்செலவு நிலையங்கள் ஜெயிக்கும். கூடங்குளம் முதல் அலகுக்கு 2002-இல் கட்டுமானம் தொடங்கி 2013-இல்தான் மின்சாரம் கிரிட்டுக்கு வந்தது. அந்த மாதிரி நீண்ட கட்டுமான காலத்தில் வட்டியே தனிச் செலவாக வளர்ந்து நிற்கும்.

அப்போ எந்த வீதம் சரி? கம்பெனி கணக்கு என்றால் அவர்கள் வாங்கும் கடனுக்கான வட்டி, அதில் வாதமே இல்லை. நாட்டுக்கான கணக்கு என்றால் வாதம் இருக்கிறது. பிராங்க் ராம்சே என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1928-லேயே பின்னால் வரும் தலைமுறையின் நலனை, அவர்கள் பின்னால் வருகிறார்கள் என்ற காரணத்துக்காகவே குறைத்து மதிப்பிடுவது அறமில்லை என்று எழுதினார். நான் பொதுத் திட்டங்களுக்குக் குறைந்த வீதத்தின் பக்கம். எப்படியும் இரண்டு வீதத்திலும் ஓட்டி இரண்டு விடையையும் மக்கள் முன் வைப்பதுதான் நேர்மை.

"நிழல் விலைன்னு ஒரு வரிசை வருதே ரிசல்ட்ல, அது யாரு கட்டற விலை?"

நேரடியாக யாரும் கட்டுவதில்லை. "இந்த மணி நேரத்தில் இன்னும் ஒரு யூனிட் கூடுதலாகக் கேட்டால் மொத்தச் செலவு எவ்வளவு கூடும்" என்பதுதான் நிழல் விலை. ஜூலை விடியற்காலையில் காற்று நிறைய இருக்கும்போது அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மே மாத இரவு பத்தரை மணிக்கு, எல்லா நிலையமும் முழு வேகத்தில் ஓடும்போது விண்ணைத் தொடும். ஒரே யூனிட், நேரம் மட்டும் வேறு.

புவாத்தேயின் கண்டுபிடிப்பு இங்கேதான் அழகாக வந்து உட்காருகிறது. திட்டம் சரியான அளவில் இருந்தால், ஒரு நிலையம் வருடம் முழுக்க நிழல் விலைக்கும் தன் எரிபொருள் செலவுக்கும் உள்ள இடைவெளியில் சேர்த்துக்கொள்ளும் தொகை அதன் நிலையான செலவுக்குச் சரியாகச் சமமாக இருக்கும். அதிகமாகச் சேர்ந்தால் இன்னும் கட்ட வேண்டும் என்று அர்த்தம். குறைவாகச் சேர்ந்தால் தேவைக்கு மேல் கட்டிவிட்டோம் என்று அர்த்தம். ரிசல்ட் கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

"சோலார் இப்போ யூனிட் ரெண்டரை ரூபாய்க்கே கிடைக்குதாமே, பேசாம எல்லாத்தையும் சோலாரா மாத்திடலாமே?"

நிறைய மாற்றலாம், மாற்ற வேண்டும். ராமநாதபுரம் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் போட்டாகிவிட்டது. முதல் சில ஆயிரம் மெகாவாட்டுக்கு சோலார் பிரமாதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் கோடை மதியம் மூன்று மணிக்கு ஏசியும் உச்சம், வெயிலும் இருக்கிறது.

ஆனால் போடப்போட மதியத் தேவை நிரம்பிவிடும். மிச்சம் நிற்கும் உச்சம் சூரியன் மறைந்த பிறகு, சென்னையில் இரவு பத்து, பதினொரு மணிக்கு எல்லா வீட்டிலும் படுக்கையறை ஏசி ஓடும் நேரத்துக்கு நகரும். அந்த நேரத்துக்கு அடுத்த ஆயிரம் மெகாவாட் சோலார் கொடுப்பது பூஜ்யம். யூனிட் விலை இரண்டரையிலேயே இருக்கிறது, அந்த யூனிட்டின் மதிப்புதான் குறைந்துகொண்டே போகிறது. சராசரி விலையை மட்டும் பார்த்து நிலையங்களை ஒப்பிடக் கூடாது என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். ஒரு நிலையத்தின் விலையோடு, அது வரும் நேரங்களின் நிழல் விலையையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

"அதுக்குத்தான் பேட்டரி இருக்கே?"

ஆமாம், மதியத்தை இரவுக்கு நகர்த்த பேட்டரி அருமையான வழி. பேட்டரிக்கு முன்பே நம்மிடம் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட், நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் திட்டம். மிச்சமிருக்கும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்குவது. நான்கு யூனிட் போட்டால் ஏறத்தாழ மூன்று திரும்பி வரும். அதனால் ஏற்றும்போது இருக்கும் விலைக்கும் இறக்கும்போது இருக்கும் விலைக்கும் இடையே அந்த இழப்பை ஈடுகட்டும் அளவு வித்தியாசம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருப்பதே மேல்.

பேட்டரியால் செய்ய முடியாதது ஜூலையை மார்ச்சுக்கு நகர்த்துவது. நான்கு மணி நேர பேட்டரி தினமும் ஒருமுறை நிரம்பிக் காலியானால்தான் போட்ட காசு வரும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நிரப்பிக் காலி செய்தால், ஒரு யூனிட்டின் தலையில் விழும் முதலீட்டுச் செலவு தாங்காது. நாளுக்குள் நகர்த்துவது வேறு, பருவத்தைத் தாண்டி நகர்த்துவது வேறு. நம் ஊர்ப் பிரச்சினையில் இரண்டுமே இருக்கின்றன.

"அணைத் தண்ணி இலவசம் தானே, அதையே முதல்ல ஓட்டலாமே?"

இன்றைக்குத் திறந்த தண்ணீர் நாளைக்கு இல்லை. அதுதான் அதன் விலை. இன்று மதியம் திறந்துவிட்டு மே மாத இரவில் வெளியிலிருந்து 10 ரூபாய்க்கு வாங்கினால், அந்தத் தண்ணீரின் உண்மையான விலை 10 ரூபாய். மாஸே தொடங்கியது இந்தக் கணக்கில்தான். மழை எவ்வளவு வரும் என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருப்பதால் இது கொஞ்சம் கஷ்டமான கணக்கும்கூட.

மேட்டூர் கதை தனி. அங்கே தண்ணீரைத் திறப்பது பாசனத்துக்காக, குறுவைக்கு ஜூன் 12 என்பது வழக்கமான தேதி. மின்சாரம் அதோடு சேர்ந்து வருவது. மாடலில் மேட்டூரை நம் இஷ்டத்துக்கு ஓட்டவிட்டால் அது டெல்டா விவசாயியின் தண்ணீரை எடுத்து ஏசிக்குக் கொடுத்துவிடும். அதைத் தடுக்கும் கட்டுப்பாட்டை நாம்தான் எழுத வேண்டும்.

"காத்தாலை ஓனர்கள் யூனிட்டை ஈபி கிட்ட 'பேங்க்' பண்ணி வெச்சுக்கறாங்களே, அதனால யாருக்கு லாபம்?"

சொந்தத் தேவைக்குக் காற்றாலை வைத்திருக்கும் மில்லோ தொழிற்சாலையோ ஜூலையில் மிஞ்சிய யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்வதுதான் பேங்கிங். பெயர் பேங்க் என்றாலும், வாரியத்திடம் எங்கேயும் அந்த மின்சாரம் சேமித்து இருப்பதில்லை. ஜூலையில் வாங்கிய யூனிட் அப்போதே யார் வீட்டிலோ செலவாகிவிட்டது. பிப்ரவரியில் திருப்பிக் கொடுக்கும்போது வாரியம் வேறு எங்கிருந்தாவது வாங்கித்தான் கொடுக்கிறது.

நிழல் விலைப் பதிலோடு சேர்த்துப் பாருங்கள். மலிவான மணி நேரத்தில் ஒரு யூனிட் கொடுத்து, விலை கூடிய மணி நேரத்தில் ஒரு யூனிட் எடுப்பது. அந்த வித்தியாசம் யார் தலையிலாவது விழும், வாரியத்தின் தலையில் விழுந்தால் மற்ற நுகர்வோர் தலையில் விழுந்ததாக அர்த்தம். அதற்காக பேங்கிங் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இங்கே காற்றாலை இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் எந்த மாதத்தில் வைத்தார், எந்த நேரத்தில் எடுத்தார் என்று பார்த்துக் கட்டணம் போடுவதுதான் இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.

"காத்து நல்லா அடிக்கும்போது காத்தாலையை நிறுத்தச் சொல்றாங்களே, இது என்ன பைத்தியக்காரத்தனம்?"

அனல் மின் நிலையத்தை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது. 2023 விதிகள்படி அதன் முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓடத் தெரிந்திருக்க வேண்டும், படிப்படியாக 40-க்கு வர வேண்டும். சாயங்காலம் வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் அதைக் குறைந்தபட்சத்தில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் தேவை குறைந்து காற்று கூடினால் ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சில சமயம் மின்சாரம் இருந்தும் கொண்டுபோக லைன் போதாமலும் இப்படி ஆகும். கொஞ்சம் நிறுத்துவது மலிவான திட்டத்தின் பகுதியாகவே வரலாம், வருடத்தில் சில மணி நேரத்துக்காக ஒரு பெரிய லைன் போடுவது அதைவிடச் செலவு. நிறைய நிறுத்தினால் திட்டமிடல் சரியில்லை.

"நீங்க போட்ட கணக்கு மாதிரி தேவை வளரலைன்னா?"

வளராது. சரியாக அதே மாதிரி ஒருநாளும் வளராது, அதனால் ஒரே ஒரு கணிப்பை வைத்துப் போட்ட திட்டத்தை நம்பாதீர்கள். 2008-லிருந்து சில வருடம் தமிழ்நாடு பட்டது நினைவிருக்கும். சென்னையில் தினமும் சில மணி நேரம்தான், மாவட்டங்களில் அதைப்போல் பல மடங்கு. கோவை, திருப்பூரில் சிறு பட்டறைகள் எவ்வளவு அடிபட்டன என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீண்டகால ஒப்பந்தங்கள் போடப்பட்டன. பற்றாக்குறைக்குப் பயந்து போடும் ஒப்பந்தத்தின் செலவு என்ன என்பதை ஓடாத நிலையம் பற்றிய பதிலில் பார்த்தோம்.

நல்ல முறை இது: மெதுவான வளர்ச்சி, நடுத்தரம், வேகமானது என்று பல எதிர்காலங்களை எடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக வரும் முதல் மூன்று நான்கு வருட முடிவுகளை மட்டும் இப்போது எடுப்பது. மீதியைத் தள்ளிவைத்து, இரண்டு வருடம் கழித்து மறுபடி ஓட்டுவது. ஒரு வருடத்தில் போட முடிகிற சோலாருக்கும் பேட்டரிக்கும் இதில் ஒரு தனி மதிப்பு உண்டு. பத்து வருடம் ஆகும் நிலையத்துக்கு இன்றைக்கே வாக்குக் கொடுக்க வேண்டும். காத்திருக்க முடிவதன் மதிப்பைச் சாதாரண மாடல் காட்டாது, பல எதிர்காலங்களைச் சேர்த்து ஓட்டும் மாடல்தான் காட்டும்.

"பவர் கட்டே வராத மாதிரி கட்டிட முடியாதா?"

முடியும், ஆனால் கடைசி சில மணி நேரத்துக்காகக் கட்டும் நிலையத்தின் செலவு உங்கள் பில்லில்தான் வரும். அதனால் ஒரு அளவுகோல் வைக்கிறார்கள். தேசிய மின் திட்டத்தில் தேவையைப் பூர்த்தி செய்ய முடியாமல் போகும் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு சுமார் 17 மணி நேரம். அதற்குப் பின்னால் "ஒரு யூனிட் கிடைக்காமல் போனால் சமூகத்துக்கு எவ்வளவு நஷ்டம்" என்ற கேள்வி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பதில், மருத்துவமனைக்கு வேறு பதில்.

சென்னைவாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இருட்டில் உட்கார்ந்திருந்தது நிலையங்கள் போதாமல் இல்லை. கம்பம் சாய்ந்தது, தண்ணீர் நின்றதால் பாதுகாப்புக்காக நிறுத்தினார்கள். உங்கள் தெருவில் இரவு டிரான்ஸ்ஃபார்மர் லோடு தாங்காமல் போவதும் விநியோகப் பிரச்சினை. இன்னும் ஆயிரம் மெகாவாட் கட்டினாலும் அது சரியாகாது.

"சந்தை இருக்கே, விலை ஏறினா அவங்களே கட்டிடப் போறாங்க. மாடல் எதுக்கு?"

மின் சந்தையில் நாளை வேண்டிய மின்சாரம் இன்றைக்கு 15 நிமிடத் துண்டுகளாக, ஒரு நாளுக்கு 96 துண்டுகளாக ஏலம் போகிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அங்கே விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2022 ஏப்ரலில் 20 ரூபாயிலிருந்து 12-க்கும், அடுத்த வருடம் 10-க்கும் இறக்கினார்கள். மக்களைக் காப்பாற்றத்தான். ஆனால் புவாத்தேயின் கணக்குப்படி, வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் நிலையம் தன் செலவை அந்தச் சில மணி நேரத்தின் மிக உயர்ந்த விலையில்தான் எடுக்க முடியும். வரம்பு போட்டால் அது வராது, அப்போது அதை யாரும் கட்ட மாட்டார்கள்.

வரம்பை மிக உயரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் காட்டியது. குளிரில் நிலையங்கள் உறைந்து நின்றன, விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சத்திலேயே நாள்கணக்கில் நின்றது. அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். இல்லாத நிலையத்தை அந்த விலையால் அன்றைக்கு வரவழைக்க முடியவில்லை. சந்தை வேண்டும், அதோடு பல வருடம் முன்னால் யோசிக்கும் ஒரு திட்டமும் வேண்டும் என்பது என் கருத்து.

"எண்ணூர்ல சாம்பல், புகை எல்லாம் நாங்க அனுபவிக்கிறோம். அது உங்க மாடல்ல எந்த வரியில வருது?"

எண்ணூர்க்காரர் ஒருவர் ஒரு கூட்டத்தில் கேட்டது. நேரான பதில்: நாம் எழுதி வைக்காவிட்டால் எந்த வரியிலும் வராது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது, ஆனால் வட சென்னையும் வல்லூரும் சேர்ந்து அந்தப் பகுதியில் இன்னும் ஆயிரக்கணக்கான மெகாவாட் நிலக்கரி ஓடுகிறது. கழிமுகத்தில் சாம்பல் படிந்ததால் மீன் குறைந்த நஷ்டம், பிள்ளைகளின் மூச்சுத்திணறலுக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் யூனிட் விலையில் இல்லை. விலையில் இல்லாததை மாடல் இலவசம் என்றே எடுத்துக்கொள்ளும்.

சேர்க்க வழி இருக்கிறது. புகைக்கு ஒரு விலை போடலாம், அல்லது இவ்வளவுக்கு மேல் வரக்கூடாது என்று வரம்பு எழுதலாம். 2015 டிசம்பரில் அனல் நிலையங்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன, கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. மாடலில் அந்த விதியை எழுதி ஓட்டினால் பழைய நிலையங்கள் சீக்கிரம் மூடும், செலவு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் செலவை மாநிலம் முழுக்கப் பகிர்ந்துகொள்வதா, எண்ணூர் மட்டும் உடம்பால் கட்டுவதா என்பதைக் கணினி முடிவு செய்யாது. இந்த வரியை எழுதாமல் "மிகக் குறைந்த செலவுத் திட்டம்" என்று அறிக்கை போடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

"நானே ஒரு சின்ன மாடல் போட்டுப் பார்க்கணும், எங்க ஆரம்பிக்கறது?"

ஓசிமோசிஸ் (OSeMOSYS), பைப்சா (PyPSA) என்ற இரண்டு மென்பொருளும் இலவசம், திறந்த மூலம். ஆனால் அதற்கு முன்னால் எக்செல்லிலேயே ஆரம்பியுங்கள். மே மாதத்தில் ஒரு நாள், ஜூலையில் ஒரு நாள், மொத்தம் 48 மணி நேரம். நிலக்கரி, கேஸ், காற்று, சோலார் என்று நான்கு நிலையம், நிலக்கரிக்கும் கேஸுக்கும் மேலே நான் கொடுத்த 12,000, 4,000 எண்களையே வைத்துக்கொள்ளலாம் (அவை வருடக் கணக்கு, அதனால் ஒவ்வொரு நாளையும் அரை வருடமாக எடுத்துக்கொள்ளுங்கள்). தினசரித் தேவையும் காற்று, சோலார் உற்பத்தியும் நாட்டின் மின் கட்டமைப்பை இயக்கும் கிரிட் இந்தியா வெளியிடும் அறிக்கைகளில் கிடைக்கும். எக்செல்லின் சால்வரில் போட்டு ஓட்டி, நிழல் விலை எந்த மணியில் குதிக்கிறது என்று பாருங்கள். அப்புறம் சோலாரை ஆயிரம் ஆயிரமாகக் கூட்டுங்கள், அந்த உச்சம் மதியத்திலிருந்து இரவுக்கு நகர்வது உங்கள் கண்ணுக்கே தெரியும். பேட்டரியைக் கடைசியாகச் சேருங்கள், ஒரு மணி நேரத்தை இன்னொரு மணி நேரத்தோடு கட்டுவதால் சூத்திரம் கொஞ்சம் சிக்கலாகும், அங்கே மாட்டிக்கொண்டால் கேளுங்கள்.